திருமலையில் இறங்கிய முடி

மனிதத் தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். முப்பது அங்குலக் கூந்தல் என்றால் ஐந்து வருட வளர்ச்சி. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, பிள்ளைக்கு உடம்பு தேறினால் முடியிறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஐந்து வருடம் தேங்காயெண்ணெய் தடவிச் சீவி முடிந்த கூந்தலைத் திருமலைக்குக் கொண்டுபோகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் போகிறவர்கள் இல்லாத நாளே இல்லை. அந்தக் கூந்தல் அதற்குப் பிறகு போகும் வழியைத் தொடர்ந்தால், மனிதரை இனம் பார்த்துத் தாழ்த்தும் வழக்கம் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பதை அந்த ஒரு பொருளை வைத்தே பார்த்துவிடலாம்.

மலையில் அது இறங்கும் இடம் கல்யாணகட்டா. டோக்கனும் பாதி பிளேடும் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. ஈரத்தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தால், தண்ணீர் தெளித்துச் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுவார்கள். பெண்களுக்கு முடியிறக்கப் பெண் நாவிதர்களையும் தேவஸ்தானம் நியமித்திருக்கிறது. முழு மொட்டை வேண்டாம் என்பவர்கள் ‘மூடு கத்தெரலு’ கொடுத்துவிட்டுப் போகலாம். மூன்று இடத்தில் கத்தரி வைத்து நுனி முடியை எடுத்துக்கொள்வார்கள். பல நாட்களில் முடியிறக்குவோர் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். புற்றுக்குள் இருந்த சீனிவாசனின் தலையில் இடையன் கோடாலி பட்டு ஒரு பக்கம் முடி போனபோது, நீளாதேவி என்பவள் தன் கூந்தலை அறுத்துக் கொடுத்தாள், பக்தர்கள் தரும் முடியெல்லாம் அவளையே சேரும் என்று பெருமாள் வாக்குக் கொடுத்தார் என்பது தலபுராணம். ஏழு மலைகளில் ஒன்றுக்கு நீளாத்ரி என்று அவள் பெயர்.

அந்தக் கூடத்தில் யாரும் சாதி கேட்பதில்லை. வேலூர் வியாபாரியின் தலைக்கும் ராயலசீமைக் கூலிக்காரரின் தலைக்கும் ஒரே தரை, ஒரே கத்தி. மழித்த முடியெல்லாம் ஒரே தொட்டிக்குள் விழுகிறது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. மலையிலிருந்து இறங்கினால், முடிவெட்டும் நாற்காலியே சாதிக்கு எல்லை கட்டிய இடம். தலித்துகளுக்கு முடிவெட்ட மாட்டோம் என்று மறுத்த சலூன்கள் மீது தமிழ்நாட்டில் இன்றும் வழக்குப் பதிவாகிறது. மறுப்பவர் பல சமயம் தானும் ஊரில் தாழ்த்தப்பட்ட நாவிதர்தான். வெட்டினால் மற்ற சாதிக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலும் வந்தன. சட்டம் இருப்பதால்தான் வழக்காவது பதிவாகிறது. இந்தியா தன் நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்து எழுதிய சட்டங்கள் இவை.

தொட்டியில் விழுந்த முடிக்கு இனிமேல் ஆளில்லை. உலர்த்தி, நீளம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். நரைமுடி தனித் தரம். 2011இலிருந்து மின்னணு ஏலம். நீளமான முதல் தர முடி கிலோ இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. ஆண்டு வரவு நூறு கோடியைத் தாண்டிய வருடங்கள் பல. ஆண்களின் குட்டை முடிக்கு அந்த விலை இல்லை. அதிலிருந்து பெரும்பாலும் அமினோ அமிலம்தான் எடுப்பார்கள்.

நம் பெண்ணின் கூந்தல் முதல் தரம். அது சென்னைக்கோ ஏலூருக்கோ போகிறது. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆணி பதித்த பலகைச் சீப்பில் இழுத்துச் சிக்கெடுத்து, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாக அடுக்கிக் கட்டுகிறார்கள். முடியின் மேல் இருக்கும் செதில்கள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருந்தால்தான் அது மறுபடி சிக்காது. ஒரே தலையிலிருந்து ஒரே கையால் எடுத்த கோவில் முடியில் அந்த ஒழுங்கு கெடாமல் இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிகள் இதை ரெமி முடி என்கிறார்கள். வீட்டுச் சீப்பில் கழிந்து, தெருவில் பாத்திரத்துக்கும் ஊசிக்கும் மாற்றிக்கொள்ளும் சிக்குமுடி இதில் பாதி விலைக்குக்கூடப் போகாது. அது பெரும்பாலும் சீனாவின் சூசாங் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கள்ளத்தனமாக எல்லை தாண்டுவது பெருகியதால்தான் 2022 ஜனவரியில் மத்திய அரசு கச்சா முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ரெமி முடி பெரும்பாலும் இரண்டு வழியாகப் பிரிகிறது. அந்தப் பிரிவுக்குக் காரணம் முடியின் தரமே இல்லை. வாங்குகிறவரின் இனம்தான்.

ஒரு வழி ஐரோப்பாவுக்குப் போகிறது. ரோமுக்கு அருகே கிரேட் லெங்த்ஸ் என்ற நிறுவனம் இந்தியக் கோவில் முடியை வாங்கி, ரசாயனத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெதுவாக அதன் கருமையை எடுக்கிறது. அவசரப்பட்டால் முடி வெந்துவிடும். கருமை போன பிறகு பொன்னிறம், செம்பட்டை, பழுப்பு என்று சாயம் ஏற்றுகிறார்கள். சித்தூர்க் கூந்தல் மிலானிலோ லண்டனிலோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலையில் அவளுடைய சொந்த முடியோடு ஒட்டப்படுகிறது. அவளுக்கு அது அலங்காரம். வைத்துக்கொள்ளாவிட்டால் அவள் வேலையை யாரும் பறிக்கப்போவதில்லை.

இன்னொரு வழி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் போகிறது. அங்கே இதே முடிக்கு வேறு வேலை. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1786இல், ஆளுநர் எஸ்தேபான் மீரோ ஒரு கட்டளை போட்டார். கறுப்பினப் பெண்கள், அடிமையாக இல்லாதவர்கள் உட்பட, தலையைத் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். அவர்களின் கூந்தல் அலங்காரம் வெள்ளையர் கண்ணைக் கவர்ந்ததே குற்றம். அடிமைமுறை ஒழிந்த பிறகும் சுருள் முடி என்றால் சீவாத முடி, அழுக்கு முடி, ஒழுங்கற்ற முடி என்ற எண்ணம் போகவில்லை. அதே லூசியானாவில் 1867இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த மேடம் சி.ஜே. வாக்கர் கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் தைலம் விற்றே அமெரிக்காவின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவரானார். முடியை நேராக்க ரசாயனக் களிம்புகள் வந்தன. சிலவற்றில் இருந்தது காஸ்டிக் சோடா. தலை வெந்தாலும் பொறுத்துக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. முடி நேராக்கும் பொருட்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். இந்தக் களிம்புக்கு மாற்றாகத்தான் திருமலை முடி அங்கே போய்ச் சேர்ந்தது. சொந்த முடியை மண்டையோடு ஒட்டிச் சிறு பின்னல்களாகப் பின்னி, அதன் மேல் இந்திய முடிப் பட்டையை ஊசியால் தைக்கிறார்கள். ஒரு தலைக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் ஆகும்.

நடிகர் கிறிஸ் ராக்கின் சின்ன மகள், தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள். அவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்தியா வரை வந்து, கோவிலில் முடியிறக்குவதைப் பார்த்து, 2009இல் ‘குட் ஹேர்’ என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். அந்தக் குழந்தைக்குத் தன் முடி நல்லதில்லை என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. பொம்மை, பள்ளி, டி.வி. விளம்பரம் எல்லாம் சேர்ந்து சொல்லியிருக்கும்.

இந்த விருப்பத்தை வெறும் அழகு ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2010இல் அலபாமாவின் மொபைல் நகரில் கறுப்பினப் பெண் ஒருவருக்குத் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம் ஒன்று வேலை கொடுத்தது. பிறகு, முறுக்குச் சடைகளை வெட்டினால்தான் வேலை என்று சொல்லிக் கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வழக்கு மேல்முறையீடு வரை போனது. தோலின் நிறத்தை மாற்ற முடியாது, சிகையலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாம், எனவே இது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு தவறு என்றே நினைக்கிறேன். தலையிலிருந்து தானாக முளைப்பதை விட்டுவிட்டு வேறொருவருடையதைப் போல் ஆக்கிக்கொண்டு வா என்பது, நீயாக வராதே என்பதுதான். 2019 ஜூலையில் கலிபோர்னியா முதல் மாநிலமாக ‘கிரவுன்’ சட்டத்தைக் கொண்டுவந்தது. முடியின் இயல்பையும் பின்னலையும் காட்டி வேலையோ பள்ளியோ மறுக்கக் கூடாது என்கிறது அது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுவிட்டது.

இந்த முடி அமெரிக்கக் கறுப்பினத்தவர் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அரசியலும் ஒரு காரணம். சீனக் கம்யூனிஸ்டுகளின் முடி வேண்டாம் என்று 1966இல் அமெரிக்கா தடை போட்டது. அந்த இடைவெளியில் தென்கொரியாவின் சவுரித் தொழில் வளர்ந்தது. கொரியாவிலிருந்து குடியேறியவர்கள் கறுப்பினத்தவர் தெருக்களில் முடிக்கடை திறந்தார்கள். அந்தக் கடைகளுக்கும் தெருவுக்கும் இடையே இன்றும் சந்தேகமும் சச்சரவும் உண்டு. நிறவெறிக்கு வெள்ளையர் மட்டுமே உரிமையாளர்கள் என்று எண்ணுபவர்கள் அந்தக் கடைகளில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் முடி இதைவிடக் கொடிய வேலை செய்தது. 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் எழுதிவைத்தது. சந்தேகம் வந்தால் அதிகாரிகள் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. வெள்ளையர் என்று பதிவான பெற்றோருக்குப் பிறந்த சாண்ட்ரா லேங், பத்து வயதில், 1966இல், தோலையும் முடியையும் காரணம் காட்டிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கலப்பினத்தவர் என்று மாற்றி எழுதப்பட்டார். நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்தது. ஆனால் 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியாவின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள், எங்கள் முடியை நேராக்கச் சொல்லாதீர்கள் என்று போராட வேண்டியிருந்தது. மாகாண அரசு தலையிட்டு அந்த விதியை நிறுத்திவைத்தது. இனவாரிக் கணக்கெடுப்பையே பெரும்பாலும் தவிர்க்கும் பிரான்சும், குவாதலூப் எம்.பி. ஒலிவியே செர்வா கொண்டுவந்த முடிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை 2024 மார்ச்சில் கீழவையில் நிறைவேற்றியது.

ஜெருசலேமில் திருமலை முடிக்கு நேர்ந்தது இன்னொரு மாதிரி. வைதீக யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் சொந்த முடியை மறைத்துச் சவுரி வைத்துக்கொள்வது வழக்கம். 2004 மே மாதம் மூத்த மதகுரு யோசேப் ஷாலோம் எல்யாஷிவ், இந்திய முடி சிலைவழிபாட்டில் படைக்கப்பட்டது, தலையில் வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். லண்டனிலிருந்து ஒரு மதகுரு திருமலைக்கே அனுப்பப்பட்டு நேரில் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விலையுயர்ந்த சவுரிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். இது இனவெறுப்பு இல்லை. மத விலக்கு. அந்தப் பெண்களுக்கு இந்தியர்மேல் பகை எதுவும் கிடையாது. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நமக்குப் புரியாததையெல்லாம் நிறவெறி என்று முத்திரை குத்திவிடுவோம்.

இனி இந்தியாவுக்குத் திரும்பலாம். 2014 ஜனவரி 29, டெல்லி லாஜ்பத் நகர். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த இளம் மாணவர் நிடோ டானியா ஒரு கடையில் வழி கேட்கப் போனார். சாயம் போட்ட அவருடைய முடியையும் முகத்தையும் பார்த்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். கோபத்தில் அவர் கண்ணாடியை உடைத்தார். அவரை அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கும் அதே பொன்னிறம்தான் இங்கே ஒரு பையனைக் கேலிக்கு உள்ளாக்கியது. இங்கே எவரும் முடியில் பென்சில் செருகுவதில்லை. கண்ணின் வடிவைப் பார்த்து நீ எந்த நாடு என்று கேட்கிறோம். ஆப்பிரிக்க மாணவர்களின் கதியும் தெரிந்ததே. 2016 ஜனவரி இறுதியில் பெங்களூரில் தான்சானியா மாணவியைக் கும்பல் தாக்கியது, 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரியர்களை அடித்தார்கள். ஆப்பிரிக்க நாட்டுத் தூதர்கள் சேர்ந்து இவை இனவெறித் தாக்குதல்கள் என்று அறிக்கை விட்டார்கள். விசாரணை முடியாமல் அப்படிச் சொல்ல முடியாது என்றது இந்திய அரசு.

தொலைவில் நடந்ததை மட்டும் சொல்லி நாம் தப்பிவிடக் கூடாது. முடி இறங்கும் அதே சேஷாசல மலைக்காட்டில், சந்திரகிரிப் பக்கம், 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது தமிழரை ஆந்திரச் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிக்காரர்கள். பலர் மலையாளிப் பழங்குடியினர். தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அதன் பிறகு ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் திருப்பதிப் பேருந்தில் ஏறினாலே சந்தேகப் பார்வை விழும் என்ற நிலை வந்தது. தோளில் பையும் வாயில் தமிழும் போதும். சித்தூர் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. திருத்தணி 1960 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பக்தராக வந்த தமிழருக்குப் பிளேடு கொடுத்து உட்காரவைக்கும் மலையிலேயே, கூலியாக வந்த தமிழர் அடையாளத்தால் குற்றவாளி ஆனார். நம் பக்கமும் அப்படித்தான். ரயிலில் இறங்கும் வட இந்தியத் தொழிலாளியை முகம் பார்த்தே திருடன் என்று நம் ஊர்களில் முடிவு செய்வதை நாமே கேட்டிருக்கிறோம்.

ஆக, இனம் பார்த்து இழிவு செய்வது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறதா என்றால், அடையாளம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் முடியின் சுருள், தென்னாப்பிரிக்காவில் பென்சில், இங்கே சாதி, முகம், பேச்சு. யாரென்று அறியுமுன் ஒருவரை அளந்து தள்ளிவைப்பது எங்கும் ஒன்றே. அடையாளம் வேறாக இருப்பதால்தான் அடுத்த நாட்டின் குற்றம் பளிச்சென்று தெரிகிறது, சொந்தக் குற்றம் வெறும் வழக்கமாகத் தோன்றுகிறது. 2001இல் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதியையும் சேர்த்துப் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு எதிர்த்தது. அடுத்த வருடம் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, பிறப்பால் வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்றது. அமெரிக்காவில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் நகரம் சியாட்டில், 2023இல். அதுவரை அங்கே எந்த நகரச் சட்டமும் அதைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தன் நாட்டின் பழைய பாவத்தை மட்டுமே நன்றாக அறியும்.

அதனால் அடுத்த நாட்டுச் சட்டத்தைக் கடன் வாங்கி நமக்குப் பொருத்த முடியாது. நம்முடையதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நிடோ டானியா இறந்த பிறகு மத்திய அரசு பெஸ்பருவா என்பவர் தலைமையில் குழு அமைத்தது. குழு 2014 ஜூலையிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. இனத்தைச் சொல்லி ஒருவரை இழிவு செய்வதைத் தனிக் குற்றமாக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்க்கச் சொன்னது. அவை சேர்க்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இனத்தைக் காரணமாக வைத்துக் கும்பல் கொலை செய்தால் தனித் தண்டனை உண்டு. கொலைக்கு முன்னால் கடை வாசலில் நடந்த அந்தக் கேலிக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. நம் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேட்டு எழுத ஓர் அஞ்சலட்டை போதும். எழுதுங்கள்.